ஊர்ப் பொதுமணலில் வளர்ந்த ஆட்டம்

1552 ஜனவரியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜான் ஹாமில்டன் ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டார். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்தச் சிறு நகரத்தை ஒட்டிய மணல்வெளியில் முயல் வளர்க்க அவர் விரும்பினார். ஆனால் அந்த வெளி காலங்காலமாக நகரத்தாரின் அனுபவத்தில் இருந்தது. முயல் வளர்க்கும் உரிமையைப் பெற்றுக்கொண்ட பேராயர், அங்கே கோல்ஃப் ஆடவும், பந்து உதைக்கவும், குறிபார்த்து எய்யவும், வேறெந்த விளையாட்டு விளையாடவும் நகரத்தாருக்கு உள்ள உரிமையை எழுத்திலேயே ஏற்றுக்கொண்டார்.

நம் ஊரில் கோல்ஃப் என்றதும் உயர்ந்த மதிலும், உறுப்பினர் அட்டையும், வாசலில் நிற்கும் காவலாளியும்தான் நினைவுக்கு வரும். அந்த ஆட்டத்தின் மிகப் பழைய திடலோ மதில் இல்லாத ஊர்ப் பொதுநிலம். அதை அப்படியே காப்பாற்றுவதற்காக அந்த ஊர் பல தலைமுறைகள் வழக்காடியிருக்கிறது. பெரும் ஆட்டக்காரர்கள் அங்கே பட்ட பாட்டுக்கும், பின்னாளில் அந்த மண்ணின் மீது கொண்ட பற்றுக்கும் காரணம் தேடினால், அந்த நிலம் உருவான விதத்தில்தான் போய் நிற்கும்.

லிங்க்ஸ் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் அழைப்பது வயலுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்பரப்பை. பனியுகத்துக்குப் பிறகு கடல் பின்வாங்கிய இடங்களில் மிஞ்சிய மணலைக் காற்று மேடும் பள்ளமுமாகக் குவித்தது. அதில் ஏர் பூட்ட முடியாது, விதைத்தாலும் விளையாது. நம் கிராமக் கணக்கில் எழுதினால் புறம்போக்கு. ஆகவே ஆடு மேய்ந்தது, துவைத்த துணி உலர்ந்தது, ஊரார் கிளிஞ்சல் தோண்டினார்கள். சத்தில்லாத மணலில் ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய புல் மட்டுமே பிடித்தது. அதையும் முயலும் ஆடும் ஒட்டக் கறம்பித் தரையோடு தரையாக வைத்திருந்தன. எவ்வளவு மழை பெய்தாலும் மணல் உறிஞ்சிக்கொள்ளும். தரை இறுகியே இருக்கும். புல்வெட்டும் இயந்திரம் வருவதற்கு முன், புல் ஓங்கி வளரும் கோடையைவிடக் குளிர்காலமே கோல்ஃபுக்கு உகந்த பருவமாக இருந்தது.

பங்கர் எனப்படும் மணற்குழிகளும் அப்படி வந்தவைதான். கடற்காற்றுக்கு அஞ்சிய ஆடுகள் மேட்டின் மறைவில் ஒண்டி ஒண்டிப் புல் தேய்ந்தது. காற்று அந்தக் காயத்தை அகழ்ந்து பெரிதாக்கியது. கிளிஞ்சலுக்காகத் தோண்டிய பள்ளங்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஓல்டு கோர்ஸ் என்னும் பழைய திடலில் இன்று 112 பங்கர்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை ஆட்டக்காரர் அடிக்கும் இடத்திலிருந்து பார்க்கவே முடியாது. பந்து நடுத்தரையில் அழகாகப் போய் விழும்; போய்ப் பார்த்தால் ஆளுயரக் குழிக்குள் கிடக்கும். இதற்கு வரலாறு சார்ந்த ஒரு காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் இந்தத் திடலை எதிர்த்திசையிலும் ஆடினார்கள். அந்தத் திசையில் வருபவருக்குக் கண்ணெதிரே தெரியும் குழி, இந்தத் திசையில் வருபவருக்கு மேட்டின் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

திடலின் வடிவமும் யாரும் தாளில் வரைந்தது அல்ல. கரையோரமாக ஒரு குறுகிய பாதையில் வெளியே போவது, போன வழியே திரும்பி வருவது, அவ்வளவுதான். போகும்போது பந்தைப் போட்ட குழிகளிலேயே வரும்போதும் போட்டார்கள். கூட்டம் பெருகவே, 1850களில், குழியைச் சுற்றிய புல்தரையான கிரீன் ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகள் வெட்டினார்கள். போகிறவர்களுக்கு வெள்ளைக் கொடி, வருகிறவர்களுக்குச் சிவப்புக் கொடி. அதனால்தான் இன்றும் 7 கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள். 2உம் 16உம் ஒரே கிரீன், 3உம் 15உம் ஒரே கிரீன். எந்த இணையைக் கூட்டினாலும் 18 வரும்.

அந்த 18 என்ற எண்ணும் இங்கே பிறந்ததுதான். 1764 வரை ஒரு சுற்றுக்கு 22 குழிகள். முதல் நான்கு குழிகளுக்கு இடையிலான தொலைவு மிகக் குறைவு என்று கருதி அவற்றை இரண்டாக்கினார்கள். போக இரண்டு, வர இரண்டு குறைய, மீந்தது 18. உலகமெங்கும் இன்று கோல்ஃப் சுற்று 18 குழிகளாக இருப்பதற்கு இந்தச் சிறு மாற்றமே மூலம்.

ஆட்டம் இதைவிட மிகப் பழையது. 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் போனால் நாட்டைக் காப்பது யார் என்ற கவலை. 1471இலும் 1491இலும் மறுபடி தடை போட வேண்டியிருந்தது என்பதே ஜனங்கள் கேட்கவில்லை என்பதற்குச் சான்று. தடையைப் புதுப்பித்த மன்னர்களில் ஒருவரான நான்காம் ஜேம்ஸே 1502இல் பெர்த் நகரத்து வில் செய்யும் தச்சரிடம் கோல்ஃப் மட்டைகள் வாங்கினார்.

எழுதப்பட்ட முதல் விதிகள், மொத்தம் 13, 1744இல் எடின்பரோவை அடுத்த லீத் மணல்வெளியில் பிறந்தன. அவற்றை எழுதிய சங்கத்தார் பின்னர் நெரிசல் தாளாமல் மஸல்பராவுக்குப் போய், அங்கும் நெரிசல் கூட, 1891இல் மியூர்ஃபீல்டில் தங்களுக்கென்று ஒரு தனித் திடலை அமைத்துக்கொண்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸின் பாதை வேறு. 1754இல் 22 கனவான்கள் கூடி அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1834இல் அதற்கு ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் என்ற அரசப் பட்டம் கிடைத்தது. ஆனாலும் மண் அவர்களுடையதாக நிலைக்கவில்லை.

ஊர் அந்த மண்ணை ஒருமுறை இழக்கவும் செய்தது. 1797இல் கடனில் சிக்கிய நகராட்சி, ஆட்டத்துக்குப் பங்கம் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு மணல்வெளியை விற்றது. இரண்டே ஆண்டுகளில் அது டெம்ஸ்டர் என்னும் வணிகக் குடும்பத்தின் கைக்கு மாறியது. அவர்கள் வணிகத்துக்காக முயல் வளர்த்தார்கள். ஆடுகளம் எங்கும் வளைகள். நகரத்தாரும் கோல்ஃப் ஆடுவோரும் முயல்களைக் கொல்லப் புறப்பட்டார்கள். கைகலப்பு, வழக்கு, மேல்முறையீடு என்று விவகாரம் லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. 1821இல் அக்கம்பக்கத்து நிலக்கிழார் ஜேம்ஸ் சீப் அந்த நிலத்தை வாங்கிய பிறகே முயல் சண்டை ஓய்ந்தது. 1894இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாக நகராட்சி மணல்வெளியை மீண்டும் தன்வசமாக்கியது.

சண்டை ஓய்ந்த அதே 1821இல்தான் டாம் மோரிஸ் அந்த ஊரில் பிறந்தார். பந்து செய்வதிலும் ஆடுவதிலும் பேர்பெற்ற ஆலன் ராபர்ட்சனிடம் அவர் தொழில் பழகினார். அந்நாளைய பந்து, தைத்த தோலுறைக்குள் வேகவைத்த வாத்து இறகைத் திணித்துச் செய்வது. கைதேர்ந்தவரும் நாளுக்கு மூன்று நான்குதான் முடிப்பார். விலையோ எளியவர்களுக்கு எட்டாது. 1848 வாக்கில் மலாயாக் காடுகளிலிருந்து வந்த கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் இதை அடியோடு மாற்றியது. இந்தியாவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்ட ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றி இந்த மரப்பாலைப் பொதிந்திருந்தார்கள்; அந்தப் பொதியலை உருட்டித்தான் பேட்டர்சன் என்ற இளைஞர் முதல் பந்தைச் செய்தார் என்று கோல்ஃப் வரலாற்றில் ஒரு கதை வழங்குகிறது. மலிவான புதுப் பந்து தன் பிழைப்பில் மண் போடும் என்று ராபர்ட்சன் கொதித்தார். டாம் அதைக் கொண்டு ஆடியதைக் கண்டதும் இருவருக்கும் முறிந்தது. டாம் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக்குக்குப் போனார். அங்கே அவர் அமைத்த 12 குழித் திடலில்தான், இன்று கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான ஓப்பன், 1860இல் முதன்முதலாக நடந்தது. ஆடியவர்கள் 8 பேர். வென்றவர் வில்லி பார்க்.

டாம் பிறகு நான்கு முறை ஓப்பனை வென்றார். 1865இல் சொந்த ஊருக்குத் திடல் காப்பாளராகத் திரும்பி, 1903 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். புல்லின் மேல் மணல் தூவினால் தரை செழிக்கும் என்பதே அவர் கண்ட பெரிய பாடம். முள்புதர்களை விலக்கி அகலமாக்கினார், முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் புதுக் கிரீன்கள் அமைத்தார். அவருடைய மகன் இளைய டாம் 17 வயதில், 1868இல், ஓப்பனை வென்றவர். 1872க்குள் நான்கு முறை அந்த வெற்றியைப் பெற்ற பிள்ளை, 1875இல் மனைவியைப் பேறுகாலத்தில் பறிகொடுத்துச் சில மாதங்களில், கிறிஸ்துமஸ் அன்று, 24 வயதில் இறந்துபோனார். அதன் பிறகும் தந்தை முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து அதே மணலைப் பேணினார்.

இந்த ஊருக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ்காரரான ஆண்ட்ரூ பெல், 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் இல்லத்தை நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டு அதையே ஒரு கல்விமுறையாக வகுத்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1830களில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளியின் பெயர் மெட்ராஸ் காலேஜ். இன்றும் அந்த ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் மணலில் முதன்முறை கால்வைக்கும் வெளியூர் ஆட்டக்காரர்களில் பலர் மனம் நொந்துதான் திரும்பியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் 1921இல் 19 வயதில் ஓப்பன் ஆட வந்தார். மூன்றாவது சுற்றில் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள். 11ஆம் குழிப் பங்கரில் சிக்கியதும் போட்டியையே கைவிட்டார். அந்த வெட்கம் அவரை விடவில்லை. திடலைப் படித்தார், 1927இல் அங்கேயே ஓப்பனை வென்றார், 1930இல் அமெச்சூர் பட்டத்தையும் அங்கேயே பெற்றார். 1958இல் நகரம் அவருக்குத் தன் உயரிய குடிமகன் சிறப்பை வழங்கியது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவரே.

மற்றோர் அமெரிக்கரான டாம் வாட்சன் 1975இல் முதன்முதலாக லிங்க்ஸில் ஆடியது கார்னூஸ்டிக்கு அருகிலுள்ள மோனிஃபீத்தில். நேராக நடுத்தரையில் அடித்த பந்தைக் காணவில்லை. தேடினால் எங்கோ ஓரத்துப் பங்கரில் கிடந்தது. அந்த வாரமே ஓப்பனை வென்றும் லிங்க்ஸ் மீது அவருக்குப் பிடிப்பு வரப் பல ஆண்டுகள் ஆயின. வந்த பின் விடவில்லை: மொத்தம் ஐந்து ஓப்பன் வெற்றிகள். 2009இல் டர்ன்பெரியில், 59 வயதில், கடைசிக் குழியில் நான்கே அடிகளில் முடித்தால் ஆறாவது வெற்றி என்ற நிலை. குறை சொல்ல முடியாத அடிதான். ஆனால் இறுகிய தரையில் பந்து உருண்டு உருண்டு கிரீனைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கிவிட்டது. ஐந்தாம் அடியில் முடித்தவர், மேலதிகச் சுற்றில் ஸ்டூவர்ட் சிங்கிடம் தோற்றார்.

லிங்க்ஸின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு பந்தில் இருக்கிறது. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் திடலில் பந்தை உயரத் தூக்கி அடித்து, ஈரப் புல்லில் சட்டென்று நிறுத்தலாம். இங்கே உயரம் போனால் காற்றுக்குச் சொந்தம். விழுந்தால் மேடுபள்ளத்துக்குச் சொந்தம். தாழ அடித்து உருட்டப் பழக வேண்டும். கிரீனுக்கு வெளியே முப்பது நாற்பது கெஜத்திலிருந்தும், பந்தை உருட்டும் மட்டையான பட்டரைக் கையில் எடுக்கத் தயங்கக் கூடாது. 1978 ஓப்பனில் ஜப்பானின் டாமி நகாஜிமா ஓல்டு கோர்ஸின் 17ஆம் குழியில் இரண்டே அடிகளில் கிரீனை எட்டியிருந்தார். மெல்லத் தட்டிய பந்து சரிவில் திரும்பிப் பங்கருக்குள் விழுந்தது. வெளியேற நான்கு அடிகள் பிடித்தன. அந்தக் குழிக்கு மொத்தம் ஒன்பது. 2000இல் அதே திடலில் நடந்த ஓப்பனில் டைகர் உட்ஸ் 72 குழிகளிலும் ஒரு பங்கரில்கூட விழாமல் எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். திடலைப் படித்து ஆடினால் என்ன முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. காற்றை மட்டும் யாராலும் படித்து முடிக்க இயலாது. அங்கே நடந்த 2015 ஓப்பனில் கிரீனில் நின்ற பந்துகளையே அது நகர்த்தியது. சனிக்கிழமை பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் நின்று, திங்கட்கிழமைதான் போட்டி முடிந்தது.

ஊர்ப் பொதுநிலம் என்றாலும் எல்லாரையும் எப்போதும் ஒன்றாக நடத்தியது என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கு 1867இல் கிடைத்தது பட்டர் மட்டும் கொண்டு ஆடும் ஒரு சிறு தனிக்களம். மேடுபள்ளம் மிகுந்த அதை இமாலயம் என்றே இன்றும் அழைக்கிறார்கள். ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்க 2014 வரை ஆனது. இவ்வளவு தாமதத்துக்கு மரபு ஒரு சமாதானமே அல்ல. பெண்களுக்கான பிரிட்டிஷ் ஓப்பன் 2007இல் முதன்முறை ஓல்டு கோர்ஸில் நடந்தபோது மெக்சிகோவின் லோரெனா ஓச்சோவா வென்றார்.

1974 முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை ஏழு திடல்களையும் நிர்வகிக்கிறது. ஓல்டு கோர்ஸில் ஆட வரும் வெளியூர்க்காரர்களில் பலருக்குக் குலுக்கல் முறையில்தான் இடம் கிடைக்கிறது. ஆடத் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பெரிய போட்டிகள் நடக்கும் வாரங்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. மண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று டாம் மோரிஸ் பிடிவாதமாகக் காத்த வழக்கம் அது. ஸ்காட்லாந்துக்குப் போகும் தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அங்கே போங்கள். மட்டையும் வேண்டாம், அனுமதிச் சீட்டும் வேண்டாம். 18 குழிகளையும் நடந்தே பார்த்துவிட்டு வரலாம்.