சமையல் நிக்காம அடுப்பை மாத்துறது எப்படி?

ஐரோப்பாவுல இப்போ ஒரு பெரிய தலைவலி ஓடிட்டு இருக்கு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், இங்கெல்லாம் இருக்கிற காஸ் பாய்லருக்குப் பதிலா கார்பன் குறைவான வெப்ப அமைப்பை எப்படிப் பொருத்துறது? அதுவும் உள்ளே ஆட்கள் வேலை பார்த்துட்டு இருக்கும்போதே. இதை தாராபுரத்துல போய் சொன்னா, "சித்திரை வெயில்ல ஹீட்டருங்களா?"ன்னு சிரிப்பாங்க. ஆனா நம்ம ஊர்ப் பொதுக் கட்டடத்துலயும் தினமும் நெருப்பு எரியுது. சத்துணவுக் கூடத்துல.

அங்கே போறதுக்கு முன்னாடி 1938-க்கு ஒரு நடை போயிட்டு வரலாம். சுவிட்சர்லாந்துல சூரிச் நகர மன்றக் கட்டடம், 1690-கள்ல கட்டினது. அறைக்கு அறை இருந்த அடுப்புகள் இடத்தை அடைச்சுட்டு இருந்துச்சு. பாரம்பரியக் கட்டடம், இஷ்டத்துக்கு இடிக்கவும் முடியாது. அதனால பக்கத்துல ஓடுற லிம்மாத் ஆத்துத் தண்ணியில இருந்து வெப்பத்தை எடுக்கிற ஹீட் பம்ப்பைப் பொருத்தினாங்க. நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் பின்பக்கம் சூடா இருக்கும்ல, அதே தத்துவம்தான். உள்ளே இருக்கிற சூட்டை இழுத்து வெளியே தள்ளுது. சூரிச்ல ஆறுதான் ஃபிரிட்ஜோட உள்பக்கம். அந்த மெஷின் 2001 வரைக்கும் ஓடுச்சு, 63 வருஷம். கார்பனைப் பத்தி அன்னிக்கு யாரும் கவலைப்படலை. இடம் மிச்சம், நிலக்கரி மிச்சம், அவ்வளவுதான் கணக்கு.

இப்போ தமிழ்நாடு. 1956-ல காமராஜர் ஆட்சியில மதிய உணவு, 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம். எத்தனை குழந்தைங்க சாப்பிட்டாங்கன்னு நிறைய பேசியிருக்கோம். அந்தச் சோறு எதுல வெந்துச்சுன்னு பேசினது கம்மி. விறகுதான். பக்கத்து வகுப்புல வாய்ப்பாடு, இங்கே புகை. அதை மூச்சுல இழுத்தவங்க பெரும்பாலும் பெண்கள், சமையலரும் உதவியாளரும். பிறகு படிப்படியா காஸ் வந்தது. வந்த இடத்துல புகை போச்சு. ஆனா சிலிண்டருக்குள்ள இருக்கிறதும் பூமிக்கடியில இருந்து எடுத்த எரிபொருள்தானே.

இந்தியாவுல இதுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கு. நம்மள்ல பாதிப் பேர் அங்கே சாப்பிட்டிருப்போம்: திருமலை அன்னதானம். வருஷம் 365 நாளும் ஓடுற சமையல், ஒரு வேளை கூட நிறுத்த முடியாது. 2002-ல 106 சோலார் டிஷ் வைச்சாங்க. இந்த டிஷ்ஷை வடிவமைச்சவர் வுல்ஃப்காங் ஷெஃப்லர். 1980-கள்ல கென்யாவுல முதல்ல செஞ்சு பார்த்தார். சூரியன் நகர நகர டிஷ் திரும்பும், ஆனா ஒளி குவியுற புள்ளி மட்டும் அப்படியே நிக்கும். அந்தப் புள்ளியில தண்ணி நீராவி ஆகுது. ஒரு நாளைக்கு சுமார் 4,000 கிலோ நீராவி, 15,000 பேருக்குச் சமைக்கலாம்னு கணக்கு. வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல டீசல் மிச்சம்னு அப்போ சொன்னாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்ன தெரியுமா? பழைய டீசல் பாய்லரை யாரும் கழட்டலை. புது நீராவியை அதோட இணைச்சு விட்டுட்டாங்க. மேகம் வந்தா பாய்லர் பார்த்துக்கும். ஓடிட்டு இருக்கிற சர்வரை அணைக்காம பக்கத்துல இன்னொண்ணைச் சேர்க்கிற மாதிரி. சாதம் வடிக்கிறவருக்குத் தன் பழக்கத்தை மாத்த வேண்டிய வேலையே இல்லை. 2009-ல ஷீரடியிலும் இதே மாதிரி 73 டிஷ் வந்துச்சு.

அப்போ இதையே தாராபுரத்துப் பள்ளிக்கூட மாடியில வைக்கலாமா? எனக்குச் சந்தேகம்தான். 50, 100 பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கு நீராவிக் குழாயும் கண்ணாடி துடைக்க ஆளும் கட்டுப்படியாகாது. இன்னொண்ணு, 2022 செப்டம்பர்ல காலை உணவுத் திட்டம் வந்துருச்சு. உப்புமா கிண்டுற நேரத்துக்கு சூரியன் இன்னும் சோம்பல் முறிச்சுட்டு இருக்கும்.

ஆனா தாராபுரத்துல காத்து இருக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து. ஊரைச் சுத்தி எங்கே பார்த்தாலும் காற்றாலை. சீசன் மே கடைசியில ஆரம்பிச்சு ஆடி, ஆவணி தாண்டிப் போகும். பள்ளிக்கூடம் திறக்கிறதும் ஜூன்லதான். காற்றாலை இறக்கை சுத்துற ஊருக்கு லாரியில சிலிண்டர் வந்து இறங்குது. எனக்கு உறுத்துறது இதுதான்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். 100 பிள்ளைங்களுக்கு ஆளுக்கு 100 கிராம்னா 10 கிலோ அரிசி, 25 லிட்டர் தண்ணி. இதை 30 டிகிரியில இருந்து கொதிக்க வைக்க சுமார் 2.4 யூனிட் வெப்பம் போதும். வேகுற நேரம், வீணாகுறது எல்லாம் சேர்த்து 4 யூனிட்னு வைங்க. சாம்பாருக்குத் தனியா கொஞ்சம். மலைக்கிற அளவு கரண்ட் இல்லை.

சிக்கல் ஒயரிங்ல இருக்கு. லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்த ஒயர்ல 5 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பை மாட்டக்கூடாது. தனி லைன் வேணும், எர்த்திங் வேணும், அடி தட்டையான, காந்தம் ஒட்டுற பெரிய பாத்திரம் வேணும். கோடை லீவுல ஆள் விட்டா செஞ்சுடலாம், ஒரு வேளைச் சாப்பாடு கூட நிக்காது. காஸ் அடுப்பு மூலையில அப்படியே இருக்கட்டும், கரண்ட் போற நாளைக்கு.