ஐம்பத்து மூன்று ஆண்களும் தேவாலயப் பதிவேடும்

1735ஆம் ஆண்டு, லைப்சிக் நகரம். தாமஸ் தேவாலயப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் ஆராதனைகளுக்கு இசை அமைத்துக்கொண்டும் இருந்த யோஹான் செபாஸ்டியன் பாக், தன் குலத்தில் யார் யார் இசைத் தொழில் செய்தார்கள் என்று ஒரு பட்டியல் எழுதினார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, யாருடைய மகன், எந்த ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று குறித்துக்கொண்டே போனார். முதல் எண், ஹங்கேரியிலிருந்து வந்த வெய்ட் பாக் என்ற ரொட்டி சுடுகிறவர். இருபத்து நான்காம் எண், செபாஸ்டியன் பாக்கே. மொத்தம் 53 எண்கள். 53 பேரும் ஆண்கள்.

அவர் கைப்பட எழுதிய மூலம் தொலைந்துவிட்டது. நமக்குக் கிடைத்திருப்பது அவருடைய பேத்தி அன்னா கரோலினா ஃபிலிப்பினா எடுத்த பிரதி. அவளுடைய அப்பா கார்ல் ஃபிலிப் எமானுவேல் அதில் ஆங்காங்கே குறிப்புகள் சேர்த்திருக்கிறார். ஒரு பெண்ணின் கையெழுத்தால் பிழைத்த பட்டியலில் பெண் ஒருத்திக்கும் எண் இல்லை. மனைவிமார், மகள்கள், பிறந்து சில நாளில் மாண்ட சிசுக்கள் ஆகியோரைத் தேட வேண்டுமானால் துரிங்கியா, சாக்சனி ஊர்களின் தேவாலயப் பதிவேடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

ஜெர்மனியில் இந்த ஏடுகள் மதச் சீர்திருத்தத்தோடு சேர்ந்து வளர்ந்தவை. மார்ட்டின் லூதரின் கலகம் தொடங்கியது 1517இல். நியூரம்பெர்க் தேவாலயங்களின் திருமண ஏடுகள் 1524 முதல் இருக்கின்றன. 1533இல் பிராண்டன்பர்க்-ஆன்ஸ்பாக் ஆட்சிப் பகுதியின் திருச்சபைச் சட்டம் ஏடு வைக்கச் சொல்லி உத்தரவிட்டது. காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. ஒருவன் இரண்டு இடத்தில் திருமணம் செய்வதைத் தடுக்க வேண்டும். நெருங்கிய உறவில் மணம் நடக்காமல் பார்க்க வேண்டும். குழந்தை ஞானஸ்நானத்தையே மறுத்த அனபாப்டிஸ்டுகள் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். கத்தோலிக்கத் தரப்பில் ட்ரென்ட் பொதுச்சங்கம் 1563இல் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் ஏடு கட்டாயம் என்றது. ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசே பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியது 1876 ஜனவரி 1இல்தான். அதுவரை பெரும்பாலான ஊர்களில் ஒரு மனிதன் பிறந்ததற்கும் வாழ்ந்ததற்கும் சாட்சி போதகரின் மைக்கூடுதான்.

தேடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நடப்பார்கள். தெரிந்த ஒருவரின் இறப்புப் பதிவில் வயது இருக்கும். அதைக் கழித்தால் பிறந்த ஆண்டு தோராயமாகக் கிடைக்கும். திருமணப் பதிவில் தந்தையின் பெயரும் ஊரும் இருக்கும். அந்த ஊர் ஏட்டுக்குப் போய் முந்தைய தலைமுறையைப் பிடிக்கலாம். சொல்வது சுலபம். ஏடுகள் பழைய ஜெர்மன் சாய்வெழுத்தில் இருக்கும். நடுநடுவே லத்தீன் புகும். தேதிக்குப் பதிலாகத் திருநாளின் பெயர் மட்டும் இருக்கும், அந்த ஆண்டு ஈஸ்டர் எந்த நாளில் வந்தது என்று கணக்குப் போட்டுத்தான் தேதியை எடுக்க வேண்டும். பெண்களின் குடும்பப் பெயரோடு 'இன்' என்ற விகுதி ஒட்டிக்கொள்ளும். லெம்மர்ஹிர்ட்டின் என்று எழுதியிருந்தால் அந்தப் பெண் லெம்மர்ஹிர்ட் வீட்டுப் பெண் என்று கொள்ள வேண்டும்.

ஐஸ்நாக் நகரின் ஜார்ஜ் தேவாலய ஏட்டில் 1685 மார்ச் 23ஆம் தேதிக்கு எதிரே உள்ள பதிவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நகர இசைக்காரர் யோஹான் அம்ப்ரோசியஸ் பாக்குக்கு ஒரு மகன். ஞானத்தந்தையர் இருவர்: கோத்தா நகர இசைக்காரர் செபாஸ்டியன் நாகெல், ஐஸ்நாக்கில் கோமகனின் வனத்துறையில் வேலை பார்த்த யோஹான் கியோர்க் கோக். குழந்தையின் பெயர் யோஹான் செபாஸ்டியன். அவ்வளவுதான். 'யோஹான்' பொதுப் பெயர், 'செபாஸ்டியன்' நாகெலிடமிருந்து வந்தது என்பது பதிவைப் பார்த்த உடனே விளங்கும். அண்டை ஊர் இசைக்காரர் ஒருவரை ஞானத்தந்தையாக அழைத்திருப்பதைப் பார்த்தாலே இந்தத் தொழிலில் இருந்தவர்கள் ஊர்விட்டு ஊர் எப்படிப் பிணைந்திருந்தார்கள் என்று தெரிகிறது.

இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். பிறந்த நாள் அதில் இல்லை. இருப்பது ஞானஸ்நானம் கொடுத்த நாள். மார்ச் 21 என்ற பிறந்த நாள் நமக்குக் கிடைப்பது 1735ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து. அந்த நாளும் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படிதான். ஜெர்மனியின் கத்தோலிக்கப் பகுதிகள் 1583 வாக்கிலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700இல்தான் மாறின. அந்த ஆண்டு பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1 என்று அறிவித்தார்கள். ஆகவே பாக் பிறந்த அன்று, பக்கத்துக் கத்தோலிக்க ஊரில் மார்ச் 31. இந்தப் பத்து நாள் வித்தியாசத்தை மறந்து இரண்டு ஊர் ஏடுகளை ஒப்பிட்டால், ஞானஸ்நானத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகள்கூடக் கிடைப்பார்கள்.

இன்னொன்றும் அந்தப் பதிவில் இல்லை: தாயின் பெயர். பெற்றவளைக் கண்டுபிடிக்க எர்ஃபர்ட் நகர வணிகர் தேவாலயத்தின் திருமண ஏட்டுக்குப் போக வேண்டும். 1668 ஏப்ரல் 8 அன்று அம்ப்ரோசியஸ் அங்கே மரியா எலிசபெத்தா லெம்மர்ஹிர்ட்டை மணந்தார். அவள் அப்பா வாலன்டின் லெம்மர்ஹிர்ட் தோல்மயிர் ஆடை வணிகர். உலக இசை வரலாற்றில் பெயர் பெற்ற ஒரு மகனின் தாய், அவன் ஞானஸ்நானப் பதிவில் இடம்பெறாமல் போனது அந்தக் காலத்து எழுத்து வழக்கத்தின் குறை.

இவர்கள் வீட்டுப் பெயர்கள் ஆராய்ச்சியாளர்களைப் படாதபாடு படுத்துகின்றன. செபாஸ்டியன் பிறந்தபோது யோஹான் கிறிஸ்டோஃப் பாக் என்ற பெயரில் நெருங்கிய உறவிலேயே மூன்று பேர் இருந்தார்கள்: ஐஸ்நாக் ஜார்ஜ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த, அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரர், ஆர்ன்ஸ்டாட் ஊரில் இருந்த சித்தப்பா, சொந்த மூத்த அண்ணன். ஏட்டில் பெயர் மட்டும் இருந்தால் மூவரையும் ஒருவராக்கிவிட வாய்ப்பு உண்டு. தொழில், ஊர், மனைவி, ஞானத்தந்தையர் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் யார் யாரென்று தீர்மானிக்கிறார்கள்.

ஆர்ன்ஸ்டாட் சித்தப்பா அம்ப்ரோசியஸின் இரட்டைச் சகோதரர். இருவரும் 1645இல் எர்ஃபர்ட்டில் பிறந்தவர்கள். உருவத்திலும் குரலிலும் வித்தியாசம் தெரியாமல் அவரவர் மனைவிகளே திணறுவார்கள் என்று குடும்பத்தில் ஒரு கதை வழங்கியது. ஆனால் சித்தப்பாவுக்கு மனைவி வாய்ப்பதற்கு முன்னால் ஒரு வழக்கு நடந்தது. 1670களில் அன்னா குனிகுண்டா வீனர் என்ற பெண், அவர் தன்னோடு மோதிரம் மாற்றி வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்குகிறார் என்று திருச்சபை நீதிமன்றத்தில் புகார் செய்தாள். ஆர்ன்ஸ்டாட் நீதிமன்றம் அவளையே மணக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அவர் விடவில்லை, வைமாரில் மேல்முறையீடு செய்து வென்றார். பிறகு 1679இல் வேறொரு பெண்ணை மணந்தார். பட்டியலில் அவருக்கு ஓர் எண் உண்டு. அன்னா குனிகுண்டாவை நாம் அறிவது திருச்சபை ஆவணத்தால் மட்டுமே.

செபாஸ்டியனின் சொந்தத் திருமணம் 1707 அக்டோபர் 17 அன்று, ஆர்ன்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் டோர்ன்ஹைம் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் நடந்தது. மணப்பெண் மரியா பார்பரா. அவளும் பாக் குடும்பம்தான். இருவரின் தாத்தாக்களும் உடன்பிறந்தவர்கள். நடத்திவைத்தவர் போதகர் யோஹான் லோரன்ஸ் ஷ்டவுபர். ஆர்ன்ஸ்டாட்டில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று என்பதையும், மாப்பிள்ளை முல்ஹவுசன் ஊரில் ஆர்கன் வாசிப்பவர் என்பதையும், இரு தந்தையரும் காலமாகிவிட்டதையும் பதிவு சொல்கிறது. மணப்பெண் கெரன் ஊர் ஆர்கன் கலைஞர் யோஹான் மிகாயேலின் கடைசி மகள் என்பதும் அதில் இருக்கிறது. ஒரே பதிவில் இரண்டு கிளைகள் முடிச்சுப் போட்டுக் கிடைக்கின்றன. ஆனால் அதில் ஒரு தவறும் உண்டு: அம்ப்ரோசியஸை ஐஸ்நாக்கின் புகழ்பெற்ற நகர ஆர்கன் கலைஞர் என்கிறது பதிவு. அவர் அந்த வேலையில் இருந்ததில்லை. நகர இசைக்குழுவை நடத்தியவர். ஆர்கன் அவருடைய உறவினர் கிறிஸ்டோஃபுடையது. சம்பவம் நடந்த அன்றே எழுதிய ஏடும் பிழைபடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

செபாஸ்டியனுக்கு இருபது குழந்தைகள். மரியா பார்பராவுக்கு ஏழு பேர். 1720 ஜூலையில் அவள் கியோத்தன் நகரில் இறந்தபின் மணந்த அன்னா மக்தலேனாவுக்குப் பதின்மூன்று பேர். வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர்தான். 1713 பிப்ரவரியில் வைமாரில் பிறந்த இரட்டையரில் ஆண் குழந்தை பிறந்த அன்றே அவசர ஞானஸ்நானம் பெற்று இறந்தது. பெண் குழந்தை மூன்று வாரம் இருந்தது. லைப்சிக் ஏடுகளைப் படிப்பது இன்னும் கடினம். 1726 ஜூன் முதல் 1733 நவம்பர் வரை, எட்டு ஆண்டுகூட நிறையாத காலத்தில் அந்த வீட்டிலிருந்து ஏழு குழந்தைகளை அடக்கம் செய்தார்கள். எர்னஸ்டஸ் ஆண்ட்ரியாஸ் 1727 அக்டோபர் 30இல் ஞானஸ்நானம் பெற்று நவம்பர் 1இல் இறந்தான். கிறிஸ்டியானா பெனடிக்டா 1730 புத்தாண்டு நாளில் ஞானஸ்நானம் பெற்றாள். நான்காம் தேதி இறந்தாள். யோஹான் ஆகஸ்ட் ஆப்ரஹாம் ஒரே நாள் இருந்தான். செபாஸ்டியன் அமைத்த மத்தேயு பாடுகளின் இசை 1727இல் ஒலித்தது இந்தச் சாவுகளின் நடுவில்தான். கடைசி அடக்கம் முடிந்து இரண்டு ஆண்டுக்குள் 53 பேர் பட்டியல் எழுதப்பட்டது. உயிரோடிருந்த மகன்களுக்கு அதில் எண் உண்டு. மாண்ட குழந்தைகளுக்கும் மகள்களுக்கும் இல்லை.

இதே ஏடுகள் கொடுமைக்கும் கருவியாயின. 1933 ஏப்ரலில் நாஜி அரசு ஆரியர் அல்லாதவர்களை அரசு வேலையிலிருந்து நீக்கச் சட்டம் போட்டது. 1935இன் நியூரம்பெர்க் சட்டங்கள் தாத்தா, பாட்டி நால்வரின் மதத்தை வைத்து ஒருவர் யூதரா என்று தீர்மானித்தன. நால்வரின் ஞானஸ்நானச் சான்றைக் கேட்டு மக்கள் போதகர் இல்லங்களில் குவிந்தார்கள். தேவாலய அலுவலகங்கள் பிரதி எழுதிக் கொடுத்தன. தாத்தா, பாட்டியின் பெயர் அந்த ஏட்டில் இல்லாத யூதர்கள் வேலையை இழந்தார்கள், பிறகு பலர் உயிரையும் இழந்தார்கள். இன்று 2015இல் தொடங்கிய ஆர்க்கியான் தளத்தில் புராட்டஸ்டன்ட் ஏடுகளையும், மட்ரிகுலா தளத்தில் கத்தோலிக்க ஏடுகளையும் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. பார்க்கிறவர்கள் இந்த வரலாற்றையும் அறிந்திருப்பது நல்லது.

முதல் எண்ணான வெய்ட் பாக்குக்கு வருவோம். லூத்தரன் என்பதால் ஹங்கேரியை விட்டு ஓடிவந்து, கோத்தாவுக்கு அருகே வெக்மார் கிராமத்தில் குடியேறியவர். ஆலையில் மாவு அரைபடும்போது சிட்டெர்ன் என்ற சிறு நரம்புக்கருவியை வாசித்துக்கொண்டிருப்பார் என்கிறது பட்டியல். அவருடைய மகன் ஹான்ஸ் 1626இல் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தார். வெய்ட்டுக்கு முன்பே துரிங்கியாவில் பாக் என்ற பெயர் வழங்கியது. ஆகவே அவர் பூர்வீக ஊருக்குத் திரும்பி வந்தவராகவே இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அவர் பிறந்ததற்கு எந்த ஏட்டிலும் சாட்சி இல்லை. அவர் விஷயத்தில் குடும்பத்தின் வாய்மொழியை விட்டால் நமக்கு வேறு கதி இல்லை. அதனால் பட்டியலை ஒதுக்கவும் முடியாது, அதை மட்டும் நம்பவும் முடியாது.

செபாஸ்டியன் 1750இல் இறந்த பிறகு அன்னா மக்தலேனா பத்தாண்டுகள் வாழ்ந்தாள். 1760 பிப்ரவரி 27இல் அவள் இறந்தபோது லைப்சிக் பதிவு அவளைத் தர்மப்பணம் வாங்கிப் பிழைத்த பெண் என்று குறித்தது. இளைய மகள் ரெஜினா சுசன்னா 1742இல் பிறந்தவள். அவளும் முதுமையில் பிறர் உதவியை நம்பியே இருந்தாள். 1800இல் லைப்சிக் இசை இதழ் ஒன்று அவளுக்காக நிதி திரட்டியது. பீத்தோவன் தன் படைப்பு ஒன்றை வெளியிட்டு உதவ முன்வந்தார். செபாஸ்டியனின் இருபது குழந்தைகளில் கடைசியாக மிஞ்சியிருந்தவள் அவள். 1809 டிசம்பர் 14 அன்று லைப்சிக்கில் இறந்தாள்.

(தொடரும்)