இரு வழங்கலும் ஒரு பற்றரியும்: செயற்பாட்டு விரியலாக்கியின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

கருவியொன்றின் வடிவத்தை அதன் இயற்கைக் குணமெனக் கொள்வது நம்மிடையே பரவலாகக் காணப்படும் மயக்கமாகும். அக்கருவி தோன்றிய சமூகத் தேவையை இம்மயக்கம் மறைத்துவிடுகின்றது. செயற்பாட்டு விரியலாக்கி இதற்குத் தக்க சான்று.

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ உயர்தரப் பௌதிகவியல் பயிலும் மாணவன் இவ்விரியலாக்கியைப் பெரும்பாலும் நேர் 15, மறை 15 வோல்ற்று என்னும் இரு வழங்கல்களுடனேயே பாடத்திற் காண்கிறான். வயல்வாடியில் அவன் கைக்கு எட்டுவதோ 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்று. இவ்விடைவெளி எவ்வாறு தோன்றிற்று?

இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு இலக்குக் கணித்த அமெரிக்கக் கருவிகளிலே இதன் முன்னோடி இடம்பெற்றது. 1947இல் ரகசினியும் சகாக்களும் எழுதிய கட்டுரைவழி இப்பெயர் நிலைபெற்றது. கூட்டல், கழித்தல், தொகையிடல் ஆகியவற்றை மின்னழுத்தங்களாற் செய்த கணிப்பான்களில் எண் நேராகவும் மறையாகவும் வரும். பூச்சியம் நடுவில் நிற்றல் வேண்டும். இரு வழங்கல் இத்தேவையின் விளைவே. 1950களின் வெற்றிடக் குழாய் விரியலாக்கிகள் நேர், மறை 300 வோல்ற்றில் இயங்கின; 1968இல் வெளிவந்த 741 என்னும் ஒருங்கிணைந்த சுற்று 15 வோல்ற்றுக்கு இறங்கியபோதும் மரபு தொடர்ந்தது.

ஆயின் 741இன் எட்டு முனைகளில் ‘புவி’ என்றொரு முனையே இல்லை. இரு வழங்கல் முனைகளுக்கிடையேயான வேறுபாட்டை மட்டுமே அது அறியும். ஆகவே, சமமான இரு தடையிகளால் 12 வோல்ற்றைப் பகுத்து, நடுப்புள்ளியைக் கொள்ளளவியொன்றால் உறுதிப்படுத்தினால், 6 வோல்ற்றே புதிய பூச்சியமாகின்றது. பெய்ப்பும் பயப்பும் கொள்ளளவிகளூடாகச் செல்லும்; அவை அந்த 6 வோல்ற்றைத் தடுத்து, ஒலிச் சைகையை மட்டும் விடும்.

இதற்கு விலையும் உண்டு. மெல்ல மாறும் வெப்பநிலைச் சைகை கொள்ளளவியைக் கடவாது. பயப்பு இரு முனைகளிலும் 1 முதல் 2 வோல்ற்றை இழக்கும். 12 வோல்ற்றிற் பொறுக்கக்கூடிய இவ்விழப்பு, 5 வோல்ற்றில் 741ஐ ஏறத்தாழப் பயனற்றதாக்கிவிடும்.

1972இல் வந்த எல்.எம். 324, 3 முதல் 32 வோல்ற்று வரையான தனி வழங்கலில் இயங்கியது. பெய்ப்பு பூச்சியம் வரை இறங்கலாம். ஏழை நாடுகளின்பாற் கொண்ட இரக்கம் இதனைப் படைக்கவில்லை. ஆய்வுகூடத்தைத் தாண்டிச் சந்தை விரிந்தமையே காரணம்.

வரலாற்றை நீக்கி வடிவத்தை மட்டும் கற்பிக்கும் கல்வி, ஒற்றைப் பற்றரியைத் தன் குறைபாடெனவே மாணவனை எண்ணவைக்கின்றது. பூச்சியம் எங்கே நிற்பது என்பது இயற்கையின் கட்டளையன்று. மனிதர் தம் தேவைக்கேற்பச் செய்துகொண்ட தெரிவு. அத்தெரிவு அவனுக்கும் உரியது.