பெயர் மாறிய பட்டாளம்

படைகளின் வரலாற்றில் சில பெயர்கள், அவை பிறந்த காரணம் மறைந்த பின்னரும் வாழ்ந்து கொண்டிருக்கும். ‘பியூசிலியர்’ என்பது அத்தகையதொரு பெயர். ஐரோப்பியப் போர்க் கதைகளில் நாம் அடிக்கடி காணும் இச்சொல்லின் தடம் பற்றிச் சென்றால், அது நம்மை ஆற்காட்டு மண்ணிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது.

பதினேழாம் நூற்றாண்டுப் போர்வீரன் சுமந்தது திரித் துப்பாக்கி. கனன்று கொண்டிருக்கும் கயிற்றுத் திரி மருந்தைத் தொட்டால்தான் அது வெடிக்கும். பீரங்கிகளின் அருகிலோ வெடிமருந்துப் பீப்பாய்கள் நிறைந்திருக்கும். காவல் நிற்பவன் கைத்திரியிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும், பகைவனே வரவேண்டியதில்லை. ஆகவே பீரங்கிக் காவலர்க்கு, சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தீ எழுப்பும் துப்பாக்கி வழங்கப்பட்டது. பிரெஞ்சு மொழியில் அதன் பெயர் ‘பியூசில்’. அதனை ஏந்தியவன் பியூசிலியர் ஆனான்.

பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் 1671இல் இத்தகைய படையொன்றை அமைத்தான். இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் 1685இல் அவ்வழியைப் பின்பற்றினான். சில பத்தாண்டுகளில் காலாட்படையினர் அனைவருமே சிக்கிமுக்கித் துப்பாக்கி ஏந்தினர். தனிப்பெயருக்குத் தேவை ஒழிந்தது. பெயர் மட்டும் ஒழியவில்லை. பிரஷியாவில் அது இலகு காலாட்படையைக் குறித்தது. நெப்போலியனின் சேனையில் சாதாரணக் காலாள் பியூசிலியர் எனப்பட்டான். பிரிட்டனிலோ அது ஒரு பட்டாளத்துக்குச் சூட்டும் கௌரவப் பட்டமாயிற்று.

அப்பட்டம் பெற்றவற்றுள் ஒன்று சென்னைப் பட்டாளம். கிழக்கிந்தியக் கம்பெனி நம் கரையில் வைத்திருந்த ஐரோப்பிய வீரர்களை 1748இல் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் ஒழுங்குபடுத்தினார். 1751இல் ஆற்காடு, 1757இல் பிளாசி, 1760இல் வந்தவாசி என அதன் வெற்றிப் பட்டியல் நீண்டது. நவாபுகளின் ஆட்சி தேய்ந்த வரலாறும் அப்பட்டியலே அன்றோ! 1840களில் அது ‘மதராஸ் பியூசிலியர்ஸ்’ என்னும் பெயர் பூண்டது.

1857இல் நீல் என்னும் தளபதியின் கீழ் அப்பட்டாளம் வடக்கே சென்றது. அலகாபாத்தில் மௌலவி லியாகத் அலி குஸ்ரு பாகைத் தலைமையிடமாகக் கொண்டு எழுச்சியை நடத்திக் கொண்டிருந்தார். ஜூன் மாதத்தில் நகரை மீட்ட நீல், குற்றவாளி யார், நிரபராதி யார் என்று பாராது பழி தீர்த்தார். ஜூலையில் கான்பூரில் ஆங்கிலப் பெண்டிரும் குழந்தைகளும் கொல்லப்பட்டது பெருங்கொடுமை. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கொடுமைக்குப் பதிலாகவே நீல் கொடியவரானார் என்று சொல்வோர், அலகாபாத் நிகழ்ச்சிகள் அதற்கு முந்தியவை என்பதை மறந்து விடுகின்றனர். செப்டம்பர் 25ஆம் நாள் லக்னோவில் நீல் வீழ்ந்தார்.

பின்னர் கம்பெனியின் படை அரசியின் படையாயிற்று. 1881இல் மதராஸ் பியூசிலியர்களும் பம்பாய் பியூசிலியர்களும் இணைக்கப்பட்டு ‘ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ்’ ஆயினர். அவ்வாறே வங்காளப் பியூசிலியர்கள் அயர்லாந்தின் மன்ஸ்டர் பெயரைப் பெற்றனர்.

1915 ஏப்ரல் 25ஆம் நாள் இவ்விரு பட்டாளங்களும் துருக்கியரின் கல்லிப்போலிக் கரையில் ஒன்றாக இறங்கின. டப்ளின் வீரர்களுள் பெரும்பாலோர் திறந்த படகுகளில் வந்தனர். மன்ஸ்டர் வீரர்கள் ‘ரிவர் கிளைடு’ என்னும் நிலக்கரிக் கப்பலிலிருந்து வெளிவந்தனர். தம் மண்ணைக் காத்து நின்ற துருக்கியரின் குண்டுகள் அவர்களை நீரிலேயே சாய்த்தன. எஞ்சியோர் தொகை குறைந்தமையால் இரு பட்டாளங்களையும் சில காலம் ஒன்றாகவே சேர்க்க நேர்ந்தது. மறு ஆண்டு டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி மூண்டபோது, அதே பட்டாளத்தின் வேறு பிரிவினர் தம் சொந்த நகரத்தார் மீதே துப்பாக்கி நீட்ட வேண்டியதாயிற்று. அயர்லாந்து தனி நாடான 1922இல் அப்பட்டாளம் கலைக்கப்பட்டது.

டப்ளினில் அதன் நினைவாக 1907இல் திறக்கப்பட்ட வளைவு ஒன்று உண்டு. நாட்டுப் பற்றாளர் அதற்குத் ‘துரோகிகளின் வாயில்’ என்று பெயரிட்டனர். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை எதிர்த்து 1927இல் தமிழகம் சத்தியாக்கிரகம் நடத்திற்று. 1937இல் அச்சிலை அங்கிருந்து அகற்றப்பட்டு, பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அலகாபாத்தில் தூக்கிலிடப்பட்ட ஏழைக்கும், கூலிக்காகப் படையில் சேர்ந்து கல்லிப்போலி நீரில் மாண்ட அயர்லாந்து ஏழைக்கும் சிலை இல்லை. அருங்காட்சியகத்தில் நம் பிள்ளைகள் நீலைக் கண்டு, இவர் யார் என்று வினவினால், அவரைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், அவ்விருவரையும் பற்றிச் சொல்வது நம் கடமையாகும்.