பெட்டி வாங்காத வீடுகளும் பாதியில் நின்ற கதைகளும்

2003 செப்டம்பர் 1 அன்று சென்னைப் பெருநகரப் பகுதியில் கேபிள் தொலைக்காட்சிக்குப் புதிய ஏற்பாடு ஒன்று நடைமுறைக்கு வந்தது. மாதம் 72 ரூபாயும் வரியும் கட்டினால் இலவச சேனல்கள் வரும். கட்டண சேனல் வேண்டுமென்றால் செட்-டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். நான்கு பெருநகரங்களுக்கும் போட்ட திட்டம், அன்றைக்கு நடைமுறைக்கு வந்ததோ சென்னையில் மட்டும். அப்போது மாநகராட்சி எல்லைக்கு வெளியே தனித்தனி நகராட்சிகளாக இருந்த தாம்பரமும் பல்லாவரமும் பெருநகரப் பகுதிக்குள் அடங்கியவை. பெட்டிக்குக் காசு போட்டவர்கள் குறைவு. கிரிக்கெட் போனதைப் பற்றிப் பெரியவர்கள் புலம்பினார்கள், அது பத்திரிகைகளிலும் வந்தது. கார்ட்டூன் நெட்வொர்க்கும் கட்டண சேனல்தான். அது போனதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. இன்று முப்பதைத் தாண்டிய பிறகும் ஜப்பானிய அனிமேஷனான அனிமேவை விடாமல் பார்க்கும் தென்சென்னைப் புறநகர்த் தலைமுறையைப் புரிந்துகொள்ள அந்த இழப்பு ஒரு நல்ல தொடக்கம். இந்தப் பற்றைக் குழந்தைத்தனம் என்கிறார்கள், மலரும் நினைவு என்கிறார்கள். என் கணிப்பில், பாதியில் அறுந்துபோன கதைகளும் தாமதமாகக் கிடைத்த தமிழ்க் குரலும் சேர்ந்து வளர்த்த பற்று இது.

இதன் முன்கதை தூர்தர்ஷனில் இருக்கிறது. 1990-களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த மௌக்லி கதை இந்தியில் பேசியது. கதை நடக்கும் காடு இந்தியக் காடு, மூலக்கதை எழுதியவர் ஆங்கிலேயரான கிப்ளிங், தொடரைத் தயாரித்ததோ ஜப்பானின் நிப்பான் அனிமேஷன். இந்தி தெரியாத வீடுகளிலும் அதைப் பார்த்தார்கள். தாங்கள் பார்ப்பது ஜப்பானியத் தொடர் என்பது பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபோது பகலில் கார்ட்டூன், இரவில் அதே அலைவரிசையில் டிஎன்டியின் பழைய ஹாலிவுட் படங்கள்; மொழி ஆங்கிலம். இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் படத்தை வைத்தே கதையை ஊகிக்க வேண்டியிருந்தது. டாம் அண்ட் ஜெர்ரிக்கு அது போதும். ஏழு நிமிடத்தில் தொடங்கி முடிந்துவிடும், எந்த நாளில் பார்த்தாலும் எதுவும் தவறிப்போகாது.

அனிமே அப்படிப்பட்டதல்ல. டிராகன் பால், போகிமான் போன்றவை தொடர்கதைகள். நேற்று நடந்தது தெரியாவிட்டால் இன்றைய சண்டைக்கு அர்த்தமில்லை. இந்தியச் சேனல்களோ இவற்றையும் துண்டுக் கார்ட்டூன்களைப் போலவே நடத்தின. முதல் பருவங்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், நடுவில் நிறுத்துவார்கள், நேரத்தை மாற்றுவார்கள். இதற்கு மேல் சென்னையில் பெட்டிப் பிரச்சினை வேறு. வார இதழில் தொடர்கதை படித்து வளர்ந்த தமிழ்நாட்டுக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரா வாரம் வந்தது. அடுத்த இதழுக்குக் காத்திருந்தவர்களையும், பிறகு அதை பைண்டு செய்து பத்திரப்படுத்தியவர்களையும் யாரும் முதிர்ச்சியற்றவர்கள் என்று சொன்னதில்லை. அந்த வாசகருக்கு முடிவாவது கிடைத்தது, கார்ட்டூன் பார்த்த பிள்ளைக்கு அதுவும் கிடைக்கவில்லை.

தமிழ்க் குரல் பரவலானது 2000-களில். 2004-இல் டிஸ்னி சேனல் தமிழ் ஒலியுடனேயே வந்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவியோ முழுக்கத் தமிழ். அங்கே நடந்ததை வெறும் மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. டோராவின் தோழனான குரங்கு புஜ்ஜி ஆனது, திருட வரும் நரி குள்ளநரி ஆனது. ஜாக்கி சான் தொடரில் மாமா பேசிய பேச்சில் கோடம்பாக்கத்து நகைச்சுவையின் வாடை அடித்தது. ஹங்காமா சேனலில் ஷின்சான் தமிழில் வாயாடினான். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற புகாரில் 2008-இல் அத்தொடர் நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு கத்தரிக்கப்பட்டுத் திரும்பியது. சென்னையின் டப்பிங் கூடங்கள் பல பத்தாண்டுகளாகப் பிறமொழிப் படங்களுக்குக் குரல் கொடுத்துத் தேர்ந்தவை. அந்தத் தேர்ச்சி கார்ட்டூனுக்கு வந்ததும், பார்த்துச் சிரித்த பாத்திரங்கள் வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்துவிட்டன.

இதெல்லாம் பழைய நினைவின் ஏக்கம்தானே என்று கேட்கலாம். ஏக்கம் மட்டும்தான் என்றால் பழைய தொடர்களோடு நின்றிருக்க வேண்டும். 'டீமன் ஸ்லேயர்' தொலைக்காட்சித் தொடராக வந்ததே 2019-இல். 2007-இல் சுட்டி டிவி பார்த்த எந்தப் பிள்ளைக்கும் அது பால்ய நினைவாக இருக்க முடியாது. அதன் 'இன்ஃபினிட்டி காசில்' படம் 2025 செப்டம்பரில் தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஆக, பழைய பாத்திரங்களோடு நிற்காமல், நீண்டு செல்லும் கதையை அனிமேஷனில் பார்க்கும் அந்த வடிவத்தின் மேலேயே பற்று நிலைத்திருக்கிறது.

அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கு என்ற அடுத்த வாதமும் வரலாற்றின் முன் நிற்காது. டாம் அண்ட் ஜெர்ரி 1940-இல் திரையரங்குக்காகப் பிறந்தது, பார்த்தவர்களில் எல்லா வயதினரும் உண்டு. 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' 1960-இல் அமெரிக்காவில் குடும்பமாக உட்காரும் மாலை நேரத்தில் ஒளிபரப்பானது. ஷின்சானின் மூலச் சித்திரக்கதை 1990-இல் வெளிவரத் தொடங்கியது பெரியவர்களுக்கான ஜப்பானிய வார இதழில். இவற்றையெல்லாம் பள்ளி விட்டு வரும் நேரத்துக்குள் அடைத்தது சேனல்களின் வியாபாரக் கணக்கு. பெரியவர்களுக்கானதைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் பெரியவர்களான பின்னும் பார்க்கிறார்களே என்று வியப்பது வேடிக்கை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. இந்த ரசிகர்களை வளர்த்தது தொலைக்காட்சி அல்ல, இணையமும் திருட்டுப் பிரதிகளும் என்பது அது. இதில் பெரும்பகுதி உண்மை. அகண்ட அலைவரிசை வந்த பிறகு ஜப்பானிய ஒலியும் ஆங்கில வசன வரியுமாகப் பார்த்தவர்கள் ஏராளம், அதில் உரிமம் பெற்று வந்தது கொஞ்சமே. ஆனால் தேடிப் போகத் தூண்டியது எது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தொலைக்காட்சியில் கிடைக்காத முடிவைத்தான் அவர்கள் வேறு வழியில் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்களையும் குறிவைத்த ஜப்பானிய சேனலான அனிமேக்ஸ், ஆங்கிலத்தை நம்பி இங்கே நிலைக்க முடியாமல் 2017 ஏப்ரலில் மூடியது. அதன் இடத்தில் வந்த சோனி யாய் குழந்தைகள் சேனல். அதே சேனல் 2022-இல் நருட்டோ தொடரைத் தமிழில் கொடுத்தது. ஜப்பானில் அதன் சித்திரக்கதை முடிந்து கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இணையத்தில் பார்த்து முடித்தவர்கள் இருக்கும்போதும் தமிழ் டப்பிங்குக்கு நிறுவனங்கள் பணம் போடுகின்றன என்றால், அந்தக் குரலுக்கு இன்னும் கேட்பார் உண்டு.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. அந்த நாளைய பெட்டிச் சண்டையை யாரும் நினைவு வைத்திருப்பதாகத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று கண்முன்னே நடக்கிறது. புஜ்ஜிக்குப் பெயர் வைத்தவர் யார், ஷின்சானுக்குத் தமிழ் வசனம் எழுதியவர் யார் என்பதைத் திரையில் போடும் வழக்கம் பெரும்பாலும் இருக்கவில்லை. நாவலாசிரியரின் பெயரை அட்டையில் போடுகிறோம், பாட்டு எழுதியவர் பெயரை வானொலியில் சொல்கிறோம். இவர்களுக்கு அந்த மரியாதை வரவில்லை. அந்தக் கலைஞர்களில் பலர் இன்றும் இதே நகரத்தில் வேலை செய்கிறார்கள். முப்பது வயதில் அனிமே பார்ப்பதற்கு விளக்கம் சொல்லிச் சலித்த ரசிகர்கள், அந்த நேரத்தில் அவர்களைத் தேடிப்பிடித்துப் பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதி வைக்கட்டும்.