வால்வு பெருக்கியும் வீட்டு இசையும்

மின்சைகையைப் பெருக்கும் மூன்று மின்முனை வால்வை 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கினார். வீட்டு இசைக்கான திருப்பம் இங்கிலாந்தில் வந்தது. 1945இல் ஹெரால்ட் லீக்கின் நிறுவனம் வெளியிட்ட பெருக்கியின் பெயர் 'பாயிண்ட் ஒன்'. மூல ஒலி மாறும் அளவான திரிபு 0.1 சதவீதமே என்பதே பொருள். 1947இல் டி.டி.என். வில்லியம்சன் 15 வாட் பெருக்கியின் சுற்றுப்படத்தை 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்டார். வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பும் எதிர்ப்பின்னூட்டமே இரண்டிலும் திரிபைக் குறைத்தது. அதற்கு உயர்தர வெளியீட்டு மின்மாற்றி தேவை. எடையும் விலையும் அதனால்தான். பின்னர் டிரான்சிஸ்டர் அந்தச் சுமையை நீக்கியது.

இன்று 'இதமான ஒலி'க்காக வால்வு பெருக்கியைச் சேர்க்கிறார்கள். அந்த இதம் பெரும்பாலும் லீக்கும் வில்லியம்சனும் அகற்றப் பாடுபட்ட திரிபுதான். விரும்பினால் வாங்கலாம், ஆனால் தம் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு 15 வாட் போதுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.