கண் வீங்கிய கடல்மீனும் ஓசூர் தண்ணீரும்

விலங்கு வைத்தியம் ஓசூருக்குப் பழகிய தொழில். பக்கத்து மத்திகிரியில் 1824-ல் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணைதான் பிற்பாடு மாடுகளுக்கு மாறி, அரசு கால்நடைப் பண்ணையாக இன்றும் நடக்கிறது. அந்தக் காலத்து இந்தியக் குதிரைகளுக்கு ஒரு விநோதமான கண் நோய் வந்தது. கண்ணுக்குள் வெள்ளைப் புழு ஒன்று நெளியும். கருவிழியைக் கீறி, உள்ளிருக்கும் நீரோடு புழுவையும் வெளியே வரவழைப்பது பட்டாளத்துக் குதிரை வைத்தியர்கள் அறிந்த சிகிச்சை.

கடல்மீனின் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கும் வழி வேறு. அது கண்ணில் தொடங்குவதில்லை, தண்ணீரில் தொடங்குகிறது. இதை மனிதர்கள் கற்றுக்கொள்ள ஏராளமான மீன்கள் சாக வேண்டியிருந்தது.

கடல்மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து ஊருக்கே காட்டும் வழக்கம் தமிழகத்துக்கு 1909-ல் வந்தது. ஆளுநர் ஆம்ப்தில் பிரபு விரும்பித் தொடங்கிய சென்னை மெரினா காட்சியகம் அந்த ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. பத்தாண்டுகள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்து, 1919-ல் மீன்வளத் துறைக்குக் கைமாறியது. இரண்டாம் உலகப் போரில், ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற அச்சத்தில் சென்னையே காலியானபோது அதையும் மூடினார்கள்.

மெரினாக் காட்சியகம் திறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் ஒரு துப்பறியும் வேலை நடந்தது. அங்கே தொட்டி மீன்களின் கண்கள் பிதுங்கின. துடுப்புகளில் குமிழ்கள் தோன்றின. மீன்கள் செத்து மிதந்தன. கிருமி என்று சந்தேகிப்பதே இயல்பு. ஆனால் மார்ஷ், கோரம் என்ற இருவர் 1905-ல் வெளியிட்ட அறிக்கை குற்றவாளியை வேறிடத்தில் கண்டது. பம்புக்குத் தண்ணீர் இழுக்கும் உறிஞ்சு குழாயில் கசிவு இருந்தது. அதன் வழியே நுழைந்த காற்றை, பம்பின் அழுத்தம் தண்ணீருக்குள் கரைத்துவிட்டது. அளவுக்கு மீறிக் கரைந்த அந்தக் காற்று மீனின் ரத்தத்தில் சேர்ந்து, கண்ணுக்குப் பின்னால் குமிழாகத் திரண்டது. சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குகிறதே, அதே கதைதான். மீன் வைத்திய வரலாற்றில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு குறைவு என்றே சொல்லலாம். மருந்தே இல்லாமல், ஒரு குழாயை அடைத்து நோயை நிறுத்த முடியும் என்று காட்டியது அது.

இந்தப் பழைய பாடம் ஓசூருக்கு ஏன் முக்கியம்? 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதைத் தொடர்ந்து அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தன. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். வரவேற்பறையில் நீமோ மீன் வளர்க்கும் ஆசை கடலே இல்லாத இந்த மேட்டுநிலத்துக்கும் ஏறிவந்தது. இங்கே கடல்நீரை உப்புப் பொடி கலந்துதான் தயாரிக்க வேண்டும். கலக்கும் தண்ணீர் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பூமிக்கடியில் அழுத்தத்தில் இருந்த நீர் மேலே வரும்போது மிகையான வாயுவோடு வருவதுண்டு. அதோடு ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே தண்ணீர் இங்கே இன்னும் குறைந்த வாயுவைத்தான் தாங்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரின் ஃபுளோரைடு தொல்லை தனிக்கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அதனால் ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. ஆனால் அதையும் உப்பு கலந்து, ஒரு நாள் முழுக்க மேற்பரப்பு கலங்கும்படி சுழலவிட்ட பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

எல்லாக் கண் வீக்கமும் வாயுவால் வருவதில்லை. ஒற்றைக் கண் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் அடிபட்டிருக்கும்: பாறையில் மோதியதோ, வலையில் உரசியதோ. அதற்குச் சுத்தமான தண்ணீரும் அமைதியும் போதும். இரு கண்களும் வீங்கினால் தண்ணீரையோ, உடலுக்குள் பரவிய பாக்டீரியாவையோ சந்தேகிக்க வேண்டும். கண் வெண்மையாக மங்கினால் கருவிழியில் ஒட்டும் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம். அதே வெப்பநிலையிலுள்ள நன்னீரில் மீனைச் சில நிமிடங்கள் வைத்தால் புழு உதிர்ந்துவிடும். வீக்கம் வடிய எப்சம் உப்பு உதவலாம். பெரிய காட்சியகங்களில், மனிதரின் கண் நீரழுத்தத்துக்குத் தரும் அசிட்டசோலமைடைக்கூட மருத்துவர்கள் மீனுக்குக் கொடுக்கிறார்கள். ஆன்டிபயாடிக்கை மட்டும் கடைக்காரர் சொல்கிறார் என்று கொட்டக் கூடாது. தொட்டியின் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும்.

வலைக்காயத்தைக் குறைக்க ஒரு வழி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நீமோ மீனைத் தொட்டியிலேயே பொரிக்கவைத்துக் காட்டியது. பவளப்பாறையில் பிடித்த மீனைவிட, அப்படிப் பிறந்த மீனைக் கேட்டு வாங்குவது மீனுக்கும் கடலுக்கும் நல்லது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று இருக்கிறது. அதன் கவனம் திலேப்பியா போன்ற நன்னீர் மீன்களில். அலங்கார மீன் வளர்ப்போருக்கு நீர்ப் பரிசோதனையும் நோய் ஆலோசனையும் அங்கே கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். அதுவரை, மீனின் இரு கண்களும் பிதுங்கினால் மருந்துக்கடைக்கு ஓடுமுன் உங்கள் பம்பின் உறிஞ்சு குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.